'மெலிஞ்சு போனார்' என்றால் எத்தனை கிலோ?



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். நாங்கள் என்று எழுதுவது எங்கள் ஆசிரியர் அறையில் இருக்கிற நாலு பேரையும் சேர்த்துத்தான். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் தொடங்கிய பழக்கம், இன்றைக்கும் எதையும் சேர்ந்துதான் செய்கிறோம்.

ஒவ்வொரு வருடமும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்போது பிள்ளைகளின் நிறையும் உயரமும் எடுக்கிறோம். அதற்கும் முதல், பிறந்த நாளில் இருந்தே அந்தப் பிள்ளைக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்த்து நிறக் கோடுகளுக்குள் புள்ளி வைக்கிறார். புள்ளி கீழே இறங்கினால் தாயைக் கூப்பிட்டுக் கேட்கிறார், திரிபோஷா எழுதுகிறார். கர்ப்பிணித் தாய்க்கும் அப்படியே ஒரு பதிவேடு. இந்த விசயத்தில் எங்கள் நாடு கெட்டிக்கார நாடு.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? பாடசாலையை விட்ட நாளில் இருந்து ஒரு ஆணின் நிறையைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கடைசிப் பிள்ளை வளர்ந்த நாளில் இருந்து ஒரு பெண்ணின் நிறையையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர் இருபது வருடத்தில் ஒருமுறைகூடத் தராசில் ஏறாமல் இருக்கலாம். ஊர் சொல்வது ஒரே வார்த்தைதான்: "ஆள் நல்லா மெலிஞ்சு போனார்." எத்தனை கிலோ? எத்தனை மாதத்தில்? அதைக் கேட்க ஆளில்லை.

காசநோய் வந்த ஒருவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது உயிர் விசயம். சளியைப் பரிசோதிப்பதைப் போலவே உடம்பு எவ்வளவு வற்றியிருக்கிறது என்று அளப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்களிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் தகப்பனைப் பற்றி எழுதப் போகிறோம். பெயர், வீடு இருக்கிற பக்கம் எதுவும் சொல்ல மாட்டோம். ஊகிக்கவும் வேண்டாம். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்கோ சேர். தராசு கூட்டிக் காட்டுது எண்டு என்னை மாதிரி ஆரும் சந்தோசப்பட்டுக்கொண்டு இருக்கக் கூடாது" என்றார். அது என்ன கதை என்று பார்ப்போம்.

நாற்பதுகளில் இருக்கிற கூலித் தொழிலாளி. நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு மேல் இருமல். சுருட்டுக் குடிக்கிற ஆளுக்கு இருமல் வரும்தானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பின்னேரங்களில் காய்ச்சல், இரவில் வியர்வை, சாப்பாட்டில் மனமில்லை. பிறகு ஒருநாள் சளியோடு இரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். சளிப் பரிசோதனையில் ரி.பி. என்று வந்தது. மருந்து தொடங்கினார்கள். இலங்கையில் இந்த மருந்து முழுக்க இலவசம். முதல் இரண்டு மாதம் நாலு வகை மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு வகை, மொத்தம் ஆறு மாதம்.

அவருடைய கிளினிக் கொப்பியை மகள் கொண்டுவந்து காட்டினாள். முதல் நாள் நிறை 41 கிலோ என்று எழுதியிருந்தது. உயரம் எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. சனம் கூடிய நாளாக இருந்திருக்கும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் உயரம் தெரியாமல் 41 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. நாலரை அடி உயரமான ஒரு அம்மாவுக்கு 41 கிலோ போதுமான நிறை. இவர் அப்படி இல்லை.

வீட்டுச் சுவரோடு நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு கொப்பியை மட்டமாகப் பிடித்து, கோடு போட்டு அளந்தோம். 165 சென்ரிமீற்றர். இனி எட்டாம் வகுப்புக் கணக்கு. நிறையை உயரத்தால் (மீற்றரில்) ஒருமுறை பிரிக்க வேண்டும், வருகிற விடையை உயரத்தால் இன்னொருமுறை பிரிக்க வேண்டும். 41 ÷ 1.65 ÷ 1.65. விடை 15 சொச்சம். இதைத்தான் உடற்திணிவுச் சுட்டி என்கிறோம். 18.5க்குக் கீழே என்றால் நிறை குறைவு. 17க்குக் கீழே என்றால் நடுத்தர அளவிலான மந்தபோசணை. 16க்குக் கீழே என்றால் கடுமையான மந்தபோசணை.

அண்ணை சிரித்தார். "எங்கட பரம்பரையே மெல்லிசு சேர். அப்பாவும் இப்பிடித்தான்." ஊரில் அநேகம் பேர் சொல்கிற பதில் இது. மெல்லிய உடம்பு வேறு, வற்றிய உடம்பு வேறு. அதைப் பிரித்துக் காட்ட இன்னொரு கேள்வி இருக்கிறது: முந்தி எத்தனை கிலோ இருந்தீர்கள்? முதல் வருடம் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற தராசில் பகிடிக்கு ஏறி நின்றபோது 52 காட்டியதாம். 52இல் இருந்து 41. பதினொரு கிலோ போயிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு மனிதன் ஒரு வருடத்துக்குள் காணாமல் போயிருக்கிறான், வீட்டில் யாருக்கும் அது பிடிபடவில்லை.

ஏன் பிடிபடவில்லை? களிசான் போடுகிறவருக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வரும். சாரம் கட்டுகிறவருக்கு அந்த அடையாளம் இல்லை. உடம்பு எவ்வளவு சுருங்கினாலும் சாரம் இறுக்கிக் கட்டினால் நிற்கும். பெண்களுக்குக் காப்பு முழங்கை வரைக்கும் ஏறும், சட்டை தொளதொளக்கும். அதையும் "வேலை கூட, அதுதான்" என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது தராசின் கதைக்கு வருகிறோம். மருந்து தொடங்கி ஒரு மாதம். கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். 43. வீட்டுக்காரிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "ரெண்டு கிலோ கூடிட்டார் சேர், மருந்து பிடிச்சிட்டுது" என்று பாடசாலைப் படலையடியிலேயே சொன்னார். ஆனால் அதே கிழமை அண்ணை நிலத்தில் இருந்து எழும்பக் கை கொடுக்க வேண்டியிருந்தது. செருப்பு காலுக்குள் போகவில்லை. அடுத்த தடவை போனபோது ஒரு தாதி அவருடைய கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. இரண்டு காலிலும் அப்படித்தான்.

கூடிய இரண்டு கிலோ தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை. காலில் தேங்கிய நீர். அன்றைக்கே வார்ட்டில் மறித்தார்கள். கால் வீக்கத்துக்கு இருதயம், சிறுநீரகம், ஈரல் என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் எல்லாம் பார்த்தார்கள். இவருக்குக் காரணம் மந்தபோசணைதான். வீக்கம் வற்றிய பிறகு பார்த்த நிறை 39.5. அதாவது, தராசு கூடுகிறது என்று சொன்ன அந்த மாதத்தில் மனிதர் உண்மையில் தேய்ந்துகொண்டுதான் இருந்தார்.

இதை வாசிக்கிற யாருக்காவது ஒன்று மட்டும் நினைவில் நிற்கட்டும். தராசில் ஏற்றுவதற்கு முதல் காலை அழுத்திப் பாருங்கள்.

இந்த விசயத்தைத் தேடிப் படித்தபோது கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் நடக்கிற ஒரு வேலை எங்களுக்குத் தெரிய வந்தது. அங்கே 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மாநிலக் காசநோய்ப் பிரிவும் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து செய்தது. பெரிய மெசின் எதுவும் இல்லை. பெரியவர் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தவுடன் அங்கே இருக்கிற சுகாதாரப் பணியாளரே சில விசயங்களைப் பார்க்கிறார். நிறையும் உயரமும், இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு எடுக்கிறார், விரலில் மாட்டுகிற கருவியில் ஒட்சிசன் எவ்வளவு, ஆள் பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கிறாரா.

உடற்திணிவுச் சுட்டி 14 அல்லது அதற்குக் கீழே என்றால் மிகக் கடுமையான மந்தபோசணை. 14க்கு மேல் 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலும் அதே கணக்கு. மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், ஒட்சிசன் 94க்குக் கீழே, தானாக நிற்க முடியவில்லை: இவற்றில் எது ஒன்று இருந்தாலும் அவர் ஆபத்தான நோயாளி. மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், வைத்தியர் முழுமையாகப் பார்த்து வார்ட்டில் வைக்கிறார்கள். திட்டம் தொடங்கிய பிறகு பல மாவட்டங்களில் ஆரம்ப மாதங்களின் மரணங்கள் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

எங்கள் அண்ணையின் கணக்கைப் பாருங்கள். 43 கிலோ, 165 சென்ரிமீற்றர், சுட்டி 15.8, இரண்டு காலும் வீக்கம், எழும்பக் கை வேண்டும். அந்த அளவுகோலில் ஒன்றுக்கு இரண்டு காரணம்.

ஏன் இந்த அவசரம்? காசநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டிருக்கும்போது இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்தான் இறக்கிறார்கள். கிருமியைக் கொல்ல மருந்துக்கு நாள் வேண்டும். அந்த நாள்வரைக்கும் தாக்குப்பிடிக்க உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும். தசை கரைந்தவருக்கு இருமிச் சளியைத் துப்பவே பலம் இருக்காது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "முந்தி சாப்பாடு முக்கியமில்லை, மருந்துதான் முக்கியம் எண்டு சொன்னவை அல்லோ?" உண்மைதான். அப்படிச் சொல்லக் காரணமும் சென்னைதான். 1956இல் அங்கே ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானட்டோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் செய்தார்கள். மற்றப் பகுதியினருக்கு அவரவர் ஏழை வீட்டிலேயே அதே மருந்து. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் மூடப்பட்டு, ரி.பி. நோயாளி குடும்பத்தோடு இருந்தே குணமாகலாம் என்ற நிலை வந்ததற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைப் பிரியாமல் வைத்தியம் பார்த்தது அதனால்தான்.

ஆனால் அந்த ஆய்வு சொன்னது நல்ல மருந்தை ஒழுங்காகக் குடித்தால் ஏழை வீட்டிலும் கிருமி ஒழியும் என்பதைத்தான். பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று அது சொல்லவில்லை. காலப்போக்கில் உலகம் அப்படிக் கேட்டுவிட்டது. நிறை பார்ப்பது கொப்பியில் நிரப்புகிற ஒரு பெட்டியாகிவிட்டது.

அதைத் திருப்பிப் போட்ட இன்னொரு ஆய்வு இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்தது. 2019இல் தொடங்கி, முடிவுகள் 2023 ஓகஸ்ட்டில் லான்செட் மருத்துவ இதழ்களில் வந்தன. 2800 நோயாளிகள், அவர்களின் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உலருணவு கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, பால்மா, எண்ணெய், அதோடு விற்றமின் மாத்திரை. மருந்து தொடங்கும்போது ஐந்தில் நாலு பேரின் சுட்டி 18.5க்குக் கீழே. கிட்டத்தட்டப் பாதிப் பேர் 16க்கும் கீழே. முதல் இரண்டு மாதத்தில் நிறை 5 வீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து 61 வீதம் குறைவாக இருந்தது.

41 கிலோவுக்கு 5 வீதம் எவ்வளவு? இரண்டு கிலோ. அண்ணைக்குத் தராசு காட்டியதும் அதே இரண்டு கிலோதான். எண் ஒன்று, பொருள் இரண்டு. அதனால்தான் அளப்பது என்றால் எண்ணை எழுதுவது மட்டுமில்லை, ஆளைப் பார்ப்பதும் சேர்ந்தது என்கிறோம்.

அதே ஆய்வில் இன்னொன்று. பாதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டுமில்லாமல் வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 வீதம் குறைந்தது. தடுப்பூசி இல்லை, சோறும் பருப்பும் விற்றமின் மாத்திரையும்தான்.

நிவாரண அட்டை என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990இல் இங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த எங்களுக்கும் தெரியும். 1995இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்த உங்களுக்கும் தெரியும். வீட்டில் எத்தனை தலை என்று எண்ணித்தான் அரிசி தருவார்கள். நோயாளி வீட்டுக்கு உதவும்போதும் அந்தக் கணக்குத்தான் சரி. அண்ணைக்கென்று நாங்கள் முட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்று கதைத்தபோது அவருடைய மனைவி ஒளிக்காமல் சொன்னார்: "அவர் தின்ன மாட்டார் சேர். கோப்பையில வைச்சா மகளின்ர கோப்பைக்குத் தள்ளி விட்டிடுவார்." எந்தத் தகப்பன் செய்ய மாட்டான்? ஆகவே முட்டையை மூன்று பேருக்கும் சேர்த்து எண்ணினோம். பயறு, கடலை, கச்சான், பால்மாவும் அப்படியே. அயலில் ஒரு அம்மா தன் வீட்டு முருங்கையில் இலை ஒடித்துக் கொடுத்தார். தோட்டக்காரர் ஒருவர் அவர் வேலைக்கு வராத நாட்களுக்கும் அரை நாட் கூலி கொடுத்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் நன்றி.

2022இல் இந்த நாட்டில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்குள் 90 வீதத்துக்கு மேல் ஏறியது நினைவிருக்கும். அன்றைக்குக் கறிச்சட்டியில் இருந்து இறங்கிய மீனும் முட்டையும் பல வீடுகளில் இன்னும் முழுதாகத் திரும்பி ஏறவில்லை. காலையில் பிளேன்ரீ, மத்தியானம் சோறும் சொதியும், இரவு பாண். வயிறு நிறையும், தசை வளராது. காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் நித்திரையாகக் கிடக்கிறது. உடம்பு வற்றும்போது அது எழும்பலாம். எழும்பிய பிறகு உடம்பை இன்னும் வற்ற வைக்கிறது. இந்தச் சக்கரத்தை மருந்து ஒரு பக்கமும் சாப்பாடு மறு பக்கமும் பிடித்தால்தான் நிறுத்தலாம். காசநோயாளர் எல்லோருக்கும் போசாக்கு நிலையை மதிப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. கோவிட்டுக்கு முந்திய வருடங்களில் எங்கள் நாட்டில் ஆண்டுக்கு 8000க்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலும் ஆண்கள்தான் கூட. யாரும் நிறை கேட்காத அதே ஆண்கள்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சுருக்கமாகத் தருகிறோம். கிளினிக்குக்குப் பதிலாக இல்லை, கிளினிக்குக்குப் போகும்போது கையில் கொண்டுபோவதற்கு.

1. முதலில் இரண்டு கணுக்காலுக்கும் மேலே பெருவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள். குழி நின்றால் தராசின் எண்ணை நம்ப வேண்டாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

2. நிறையைக் காலையில், செருப்பில்லாமல், மெல்லிய உடுப்போடு, ஒவ்வொரு தடவையும் ஒரே தராசில் பாருங்கள். சாரத்து மடியில் ரோச், ரெலிபோன், வெற்றிலைப் பை இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

3. உயரத்தை ஒருமுறை எடுத்தால் போதும். நிற்க முடியாதவருக்கு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி நடுவிரல் நுனியில் இருந்து நடுவிரல் நுனி வரை அளவுங்கள். ஏறக்குறைய அதுதான் உயரம்.

4. தராசில் ஏற முடியாதவருக்குத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேற்கையின் சுற்றளவை நாடாவால் எடுங்கள். மாதா மாதம் ஒரே கையில், ஒரே இடத்தில். கூடுகிறதா குறைகிறதா என்பதே செய்தி.

5. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

6. போன வருடம் எத்தனை கிலோ என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

7. நிறை மாறினால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை எத்தனை என்பதையே நிறையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

இனிச் சாப்பாட்டு விசயத்தில் நாலு வார்த்தை.

மிகவும் வற்றிப்போனவருக்கு ஒரே நாளில் அள்ளித் திணிக்கக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் அதுவே ஆபத்தாகும். 16க்குக் கீழே இருப்பவருக்கு வைத்தியர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அண்ணைக்கும் வார்ட்டில் அப்படித்தான் தொடங்கினார்கள். சின்னச் சின்னதாக, நாளுக்கு ஆறு தடவை.

கோப்பை, தம்ளர் பிரித்து வைக்காதீர்கள். காசநோய் காற்றால் பரவுகிற நோய், கோப்பையால் பரவாது. இருமும்போது வாயை மூட வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும், மருந்தை ஒருநாளும் விடக் கூடாது. வீட்டில் உள்ள மற்றவர்களும் போய்ப் பரிசோதிக்க வேண்டும். ஒரு மனிதனுக்குத் திண்ணையில் தனிக் கோப்பை வைத்தால் அவன் அரைக் கோப்பைச் சோற்றோடு எழும்பிவிடுவான். நோயை விட அந்தத் தனிக் கோப்பை அவனை வேகமாக மெலிய வைக்கும்.

நீரிழிவும் சேர்ந்து இருப்பவர்கள், சோற்றைக் குறைத்ததால்தான் மெலிந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மெலிவும் சேர்ந்து வந்தால் சளி கொடுத்துப் பாருங்கள். அச்சுவேலி ஆஸ்பத்திரியில் சொன்னாலே எங்கே போவது என்று வழி காட்டுவார்கள்.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சோனகதெரு உறவுகளுக்கு: நோயாளிக்கு நோன்பில் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. சுகமான பிறகு விட்ட நோன்பைப் பிடிக்கலாம். எங்கள் குடும்பத்திலும் ஒரு மூத்தவர் ரி.பி. மருந்தோடு நோன்பு பிடிப்பேன் என்று நின்றார். பள்ளி இமாமே வீட்டுக்கு வந்து, "இந்த உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம், முதல்ல அதைப் பாருங்க" என்று சொன்ன பிறகுதான் அடங்கினார். அச்சுவேலி உறவுகளுக்கு: வெள்ளி, கந்தசஷ்டி என்று வருகிற விரதங்களையும் அந்த ஆறு மாதம் ஐயரிடமோ பெரியவர்களிடமோ கேட்டுத் தள்ளி வையுங்கள். மச்சம் சாப்பிடாதவர்கள் உழுந்து, பயறு, கடலை, எள்ளு, பால், தயிர் எல்லாவற்றையும் கூட்டலாம். மச்சம் சாப்பிடுகிறவர்களுக்குச் சூடையும் நெத்தலியும் பெரிய மீனை விட மலிவு, சத்தில் குறைவில்லை.

காசுக் கஷ்டம் இருப்பவர்கள் வெட்கப்படாமல் கோப்பாயில் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் விண்ணப்பத்தை நாங்கள் நிரப்பித் தருவோம்.

அண்ணைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. சளி சுத்தம். மருந்தை நிறுத்தியாயிற்று. கடைசி நிறை 48 கிலோ. கால் அழுத்திப் பார்த்தோம், குழி இல்லை. கணக்குப் போட்டால் 17.6. 18.5 ஐத் தொட அவருக்கு இன்னும் இரண்டரைக் கிலோ வேண்டும். கிருமிக்கு முடிவு கட்டியாயிற்று, உடம்பு இன்னும் திரும்பி வரவில்லை. நிறை குறைவாகவே இருப்பவருக்கு நோய் திரும்பி வரும் ஆபத்து கூட. ஆனால் மருந்து முடிந்ததும் கொப்பி மூடப்படுகிறது, அயலாரின் முட்டையும் நின்றுவிடுகிறது. "சுகமாயிட்டுது தானே" என்று அவரும் போன கிழமை தோட்டத்துக்கு மண்வெட்டி தூக்கிவிட்டார். அந்த இரண்டரைக் கிலோ வரும்வரைக்கும் மாதம் ஒருமுறை நிறை பார்ப்பதாக எங்களுக்கு வாக்குத் தந்திருக்கிறார். பார்க்காவிட்டால் மகள் எங்களுக்குச் சொல்லிவிடுவாள், அது அவருக்கும் தெரியும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்போது ரி.பி. மருந்து குடிக்கிறவர் இருந்தால் நாளைக்கே அவருடைய கொப்பியை எடுத்துப் பாருங்கள். உயரம் எழுதியிருக்கிறதா? முதல் நாள் நிறை, இரண்டாம் மாத நிறை இரண்டும் இருக்கிறதா? இல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் பிழையில்லை.

கீழே யாருடைய பெயரையும் எழுத வேண்டாம், "அவரும் மெலிஞ்சு போனார்" என்று யாரையும் காட்டவும் வேண்டாம். கேட்க ஏதாவது இருந்தால் தனியாக எழுதுங்கள், அல்லது பாடசாலை விட்ட பிறகு வந்து கதையுங்கள். அளவு நாடா எங்கள் மேசை லாச்சியில் இருக்கிறது.